ஜீவராணி பெயரில் எடுத்த இரத்தம்

எங்கள் தோட்டத்தில் யாருக்காவது ஒரு நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாமல் போனால், முதலில் அம்மாக்கண்ணுவுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். கிளினிக் நாளாக இருக்கலாம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டமாக இருக்கலாம், மாமியார் வீட்டில் சாவாக இருக்கலாம். அம்மாக்கண்ணு காரணம் கேட்கமாட்டாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் கங்காணி "ஜீவராணி" என்று கூப்பிட்டால் அம்மாக்கண்ணு குரல் கொடுப்பாள். "கேத்ரின்" என்று கூப்பிட்டாலும் அவள்தான் குரல் கொடுப்பாள். கங்காணிக்கு இது தெரியும். அவருக்கு மேலே இருக்கிற கண்டாக்குக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். நிறுக்கும்போது கொழுந்து குறையாமல் இருந்தால், அதை எந்தக் கை பறித்தது என்று எந்தத் துரையும் கேட்டதில்லை.

நான் டோரீன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இன்று என்னிடம் அழுகிற பிள்ளைகளின் தாய்மாரும் என்னிடம்தான் அழுதார்கள். அதனால் எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள். வாய் நீளம் என்றும் சொல்வார்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

அம்மாக்கண்ணு இங்கேயே பிறந்தவள். கல்யாணம் முடித்து உடப்புசல்லாவை ஊர்ப் பக்கம் போனாள். மரம் வெட்டப் போன இடத்தில் கிளை விழுந்து புருஷன் செத்தான். பிள்ளை இல்லை. கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது தோட்டத்தில் புதிதாக ஆள் பதிவதை நிறுத்தியிருந்தார்கள். கீழ் டிவிசனில் தம்பி வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறையில் தங்கிக்கொண்டாள். பதிவு இல்லாதவளுக்கு வேலை இல்லை. ஆனால் பதிவு இருக்கிறவளுக்கு எப்போதாவது லீவு தேவைப்படும், அதைத் தோட்டம் தராது. இரண்டும் சந்தித்த இடத்தில் அம்மாக்கண்ணு பிழைத்துக்கொண்டாள்.

இதைக் கேட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அவள் அழுது வடிகிறவள் இல்லை. கேத்ரினுக்காகப் போகிற அன்று கேத்ரின் மாதிரியே இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். ஜீவராணிக்காகப் போனால் அவளைப் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசுவாள். கொழுந்து நிரையில் நிற்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"நான் மட்டும் ஒரு வாரம் படுத்தேன்னு வைங்க டீச்சர், இந்தத் தோட்டமே படுத்துரும்" என்பாள்.

அது முக்கால்வாசி உண்மை.

எங்கள் மேல் டிவிசனுக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அதில் டெலிபோன் டவர் கட்டினார்கள். வந்த வருஷம் தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்கள். ஏனென்றால் அதுவரை பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மழையில் பாறை பாறையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் தலைவலி ஆரம்பித்தது. டவருக்குக் கீழே இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் ஒருத்திக்குப் புண் ஆறவில்லை, ஒருத்திக்குக் கரு தங்கவில்லை. சங்கத் தலைவர் சோலைமலையின் அவரைக் கொடி காய்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் டவரைக் கைகாட்டினார்கள், கைகாட்டின கையில் போன் இருந்தது. நானும் கிண்டல் பண்ணினேன். ஆனால் மேல் டிவிசன் பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல் வருவதை என் கண்ணால் பார்க்கிறேன். அது மழையாலா, லயத்து ஓட்டைக் கூரையாலா, டவராலா என்று எனக்கு எப்படித் தெரியும்? சிரித்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

கீழ் டிவிசன் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே இன்றைக்கும் சிக்னல் இல்லை. போனில் ஒரு கோல் எடுக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் ஏறி வரவேண்டும்.

இந்த வித்தியாசம்தான் டொக்டர் பஸ்மிலாவை எங்களிடம் கொண்டுவந்தது. ஹட்டனில் புடவைக் கடை வைத்திருப்பவரின் மகள், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். கோயில் மண்டபத்தில் எங்களைக் கூட்டி விளக்கினார்.

"டவரில இருந்து வர்றது நுண்ணலை. மைக்ரோவேவ் அடுப்பில சாப்பாடு சூடாக்கிற அதே சாதி அலைதான். ஆனா இது ரொம்ப ரொம்ப மெல்லிசு, உடம்பச் சூடாக்காது. அதில சந்தேகம் இல்ல. சூடாக்காட்டியும், வருசக் கணக்கா அதுக்குக் கீழயே இருந்தா, நம்ம ரத்தத்தில நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் வேற மாதிரி நடந்துக்குதா? அதத்தான் பாக்கப் போறோம். சில ஆராய்ச்சி ஆமாங்குது, சில ஆராய்ச்சி இல்லைங்குது."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று சோலைமலை எழுந்து கேட்டார்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல தலைவர். ரத்தம் எடுத்துட்டுச் சொல்றேன்."

மேல் டிவிசனில் கொஞ்சப் பேர், கீழ் டிவிசனில் கொஞ்சப் பேர். பதிவு ஆட்களில் சீட்டுக் குலுக்கித்தான் தெரிவு செய்தார்கள். வெள்ளை அணுக்களை எண்ணுவார்களாம். பிறகு அவற்றைப் பிரித்தெடுத்து, ஒரு கிருமியின் துண்டைக் காட்டி, எவ்வளவு சுறுசுறுப்பாகச் சண்டைக்குக் கிளம்புகின்றன என்று பார்ப்பார்களாம். இரண்டு டிவிசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அந்தப் பெண் சொன்னபோது எனக்கே நன்றாக விளங்கியது. இரத்தம் கொடுக்கிறவர்களுக்குப் பால்மாவும் பருப்பும் போட்ட ஒரு பார்சலும் உண்டு.

டவருக்கு நேர் கீழே, லயத்துக் கடைசி வீடு ஜீவராணியுடையது. அவள் பெயர் விழுந்தது. அவளுக்கு ஊசி என்றால் ஆகாது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும்போதே இவள் வெளியே போய் நிற்பாள். அதனால் வழக்கமாகச் செய்கிறதைச் செய்தாள். அம்மாக்கண்ணுவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மண்டபத்தில் ஒரு மாணவி "ஜீவராணி" என்று கூப்பிட்டாள். அம்மாக்கண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அடையாள அட்டை கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. இரத்தம் எடுக்க நீட்டுகிற கை இன்னொருத்தியுடையதாக இருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் எவருக்குத் தோன்றும்? எங்கள் பெண்களுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஆள் கணக்குக்கு ஆள் வந்தாயிற்று, அவ்வளவுதான். பார்சல் ஜீவராணி வீட்டுக்குப் போனது. பால்மாவில் பாதி அம்மாக்கண்ணுவுக்கு வந்தது. அன்று நான் காம்பராவில் பிள்ளைகளோடு இருந்தேன். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

சில வாரம் கழித்து டொக்டர் பஸ்மிலா சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினார். நேராக ஜீவராணி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். லயத்தில் கதவைச் சாத்தி என்ன பயன்? கூரைக்குக் கீழே சுவர் முழுசாக இல்லை. அன்று பின்னேரத்துக்குள் கதை கீழ் டிவிசன் வரை போய்விட்டது. ஜீவராணியின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு கூடிக் கிடக்கின்றன, உடனே நுவரெலியாவுக்குப் போய்க் காட்ட வேண்டும், அது இரத்தப் புற்றாக இருக்கலாம்.

சோலைமலைக்கு இது போதும். "டவர் வேலைய காட்டிருச்சி பாத்தீங்களா!" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். பல வருஷமாக மனுக் கொடுத்து அலுத்துப் போனவர். ஒரு ஆதாரம் கையில் கிடைத்ததும் தலைகால் தெரியவில்லை. அந்த வாரமே கந்தப்பளைக்குப் போகிற ரோட்டில் உட்கார்ந்தோம். "எங்கள் இரத்தத்தைக் கெடுக்காதே" என்று போர்டு. ஒரு போர்டை நானும் பிடித்தேன். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு, சால்வை போர்த்தி, ஜீவராணியை உட்கார வைத்திருந்தார்கள். போனில் வீடியோ எடுத்தார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், பயத்தில் உடைந்து போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுக்கு ஆள் மாற்றி ஆள் சோறு கொண்டு போனோம். மலைக்கு அவளுக்காக அம்மாக்கண்ணு போனாள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். வழக்கமாகச் சம்பளத்தில் அவளுக்கு வருகிற பங்கையும் இந்த முறை வேண்டாம் என்றுவிட்டாள்.

"டொக்டரே வீட்டுக்கு வந்து அவளச் சோதிச்சுச் சொன்னாங்களாம். அவளே சாகக் கெடக்குறா. அவகிட்ட போயி பங்கு கேக்கவா டீச்சர்? நெஞ்சு வேகுமா எனக்கு?"

இதைச் சொன்னபோது என் காம்பரா வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஒரு ரொட்டியில் கால்வாசியைத் தின்றுவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தாள். வயிறு நிறைந்துவிட்டதாம். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். முகம் ஒட்டி, தோள் எலும்பு தெரிந்தது. ஆனால் வயிறு மட்டும் இடது பக்கம் உப்பியிருந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கின் இரண்டு முனையும் சேரவில்லை. கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். பெண்கள் விடுவார்களா? "யாருடி மாப்பிள்ளை, எத்தன மாசம்?" என்று கேட்டார்கள். "எவளுக்கோ பதிலாத்தான் இதையும் சொமக்கிறேன், யாருன்னு தெரிஞ்சா வந்து வாங்கிக்கங்கடி" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். நாங்கள் சிரித்தோம்.

கடைசியில் டொக்டர் பஸ்மிலாவே காரில் ஏற்றிக்கொண்டு போய் ஜீவராணிக்கு நுவரெலியாவில் மறுபடி இரத்தம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இன்னொரு தடவை பார்த்தார்கள். இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியும் கம்பனியும் சேர்ந்து மூடி மறைக்கிறார்கள் என்று சோலைமலை இன்னொரு போர்டு எழுதினார்.

மறுநாள் காலையில் டொக்டர் காம்பராவுக்கு வந்து பிள்ளைகளின் சின்ன வாங்கில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"டீச்சர், எங்க லேப்பில ரத்தம் மாறியிருக்கும்னு எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். மாறல. அந்தக் குழாயில இருந்தது இந்தத் தோட்டத்து ஆளோட ரத்தந்தான். அந்த மொதல் எண்ணிக்கையப் பாத்ததும் என்னோட மாணவி டவரோட பாதிப்பக் கண்டுபிடிச்சிட்டோம்னு குதிச்சா. எனக்கு அப்படித் தோணல. அது ஆராய்ச்சி முடிவில்ல, நோய். யாரோ ஒருத்தங்க இங்க அந்த நோயோட நடமாடிட்டு இருக்காங்க. இந்த வகைக்கு மாத்திரை இருக்கு டீச்சர். ஒழுங்காக் குடிச்சா ரொம்ப வருசம் இருக்கலாம். விட்டா ஒரு கட்டத்துக்கு மேல மாத்திரையும் கேக்காது."

"ஒடம்புல என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"மெலிவாங்க. வேர்க்கும். கொஞ்சம் தின்னாலே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும். மண்ணீரல் வீங்கி எடது பக்கம்..."

அவர் தன் விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை. ஜீவராணியின் பெயரைக் கூப்பிட்டால் இந்தத் தோட்டத்தில் வேறு யார் எழுந்து போவார்கள்?

பிள்ளைகளை உதவிக்காரி சுதர்ஷினியிடம் விட்டுவிட்டு ஓடினேன். டொக்டரும் பின்னால் வந்தார். ஜீவராணி பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ரத்தம் குடுத்தது நீயாடி?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. கோபத்தைவிடப் பயம்தான் கூட.

"சொல்லணும்னுதான் டீச்சர் இருந்தேன்" என்று அழ ஆரம்பித்தாள். "மொதல்ல, ஆள் மாறாட்டம்னு பொலிசுல புடிச்சிக் குடுத்திருவாங்கன்னு பயம். மெசின் தப்பாக் காட்டியிருக்கும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். அப்பறம் தலைவர் போர்டு எழுதிட்டாரு, ரோட்டுல ஒக்கார வச்சிட்டாங்க, எல்லாரும் சோறு கொண்டாந்து குடுக்குறாங்க. நான் எப்புடிச் சொல்ல? ரெண்டாவது தடவ எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னப்பதான் அக்காவுக்குத்தான் இந்த வியாதின்னு ஒறச்சிச்சு. நேத்திலருந்து சோறு எறங்கல டீச்சர்."

"அக்கா ஒனக்காக மலையில நிக்கிறா, தெரியுமா?"

"தெரியும்."

அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சத்தம் கேட்டுச் சோலைமலை வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் விழுந்துபோனது. அம்மாக்கண்ணு கீழ் டிவிசன்காரி. சிக்னல் இல்லாத பக்கம் தூங்கி எழுந்திருக்கிறவள். அவளுடைய இரத்தத்தை வைத்து டவரை எப்படிப் பிடுங்குவது?

"டீச்சர், நாளன்னைக்கு கொழும்புலருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. ரெண்டே ரெண்டு நாளு. அது வரைக்கும் யாரும் வாயத் தொறக்காம..."

"தலைவரே, போர்டுக்கு வேற ரத்தம் தேடிக்கங்க. இது எங்களுக்கு வேணும்" என்றேன்.

அவர் ரோட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எந்த மலையில நிக்கிது அந்தப் புள்ள?" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார். இதற்காகவே அவர் மீது எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

டவருக்கு அடியில் இருக்கிற மலையில்தான் அன்று பறித்துக்கொண்டிருந்தார்கள். டொக்டரின் செருப்பு மூன்று அடிக்கு ஒரு தரம் வழுக்கியது. அம்மாக்கண்ணு ஜீவராணியின் நிரையில் நின்றாள். நாங்கள் இத்தனை பேர் மூச்சிரைக்க ஏறி வருவதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"ஜீவராணிக்கு என்னாச்சி?" என்று கத்தினாள்.

நான்தான் சொன்னேன். ஜீவராணிக்கு ஒன்றும் இல்லை. அன்று நீ கொடுத்த இரத்தத்தில்தான் வியாதி இருக்கிறது. பக்குவமாகப் பேசத் தெரியாமல் அப்படியே போட்டு உடைத்துவிட்டேன்.

"ஜீவராணிக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"அப்பாடா. ரெண்டு புள்ளைகள வச்சிக்கிட்டு..." என்றாள். பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். கயிறு கட்டிய இடத்தில் கையை வைத்தாள். "அப்ப இது எனக்குத்தானா டீச்சர்?" என்றாள்.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

டொக்டர் பக்கத்தில் போய், அங்கேயே அவளைக் கல்லில் உட்கார வைத்து விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். உடனே புறப்பட வேண்டும் என்றார். அம்மாக்கண்ணு எழும்பவில்லை.

"கொழுந்து நெறுவை முடியட்டும் டொக்டர். இப்ப நான் எறங்கிட்டா இவளுக்கு அரைப் பேருதான் போடுவாங்க."

அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். தன் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், இவள் இன்னொருத்தியின் பாதிச் சம்பளத்துக்குக் கணக்குப் பார்க்கிறாள். எனக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த ஜீவராணிதான் முன்னே வந்தாள். அம்மாக்கண்ணுவின் முதுகிலிருந்து கூடையைக் கழற்றித் தன் முதுகில் போட்டுக்கொண்டாள். அவளுடைய இடுப்புக் கயிற்றையும் அவிழ்த்தாள். சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிரையில் நின்று பறிக்க ஆரம்பித்தாள். அம்மாக்கண்ணு அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "மேல இருக்கிற கொழுந்து முத்தியிருக்கு, பாத்து எடு" என்று சொல்லிவிட்டு எங்களோடு இறங்கினாள்.

இறங்கும்போது டொக்டர் கேட்டார். "நீங்க எந்த டிவிசன்?"

"கீழ் டிவிசன்."

"மேல எத்தன நாள் வேலை செய்வீங்க?"

"நெனச்சுப் பாத்தா எல்லா நாளும் இங்கதான். யாருக்காவது முடியாமத்தான போகும்."

டொக்டர் வழியிலேயே நின்றுவிட்டார். இரவில் டவர் எட்டாத இடம், பகலில் டவருக்கு அடி. இவளை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? அதைவிடப் பெரிய சந்தேகம் அப்போதுதான் அவருக்கு வந்தது போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அம்மாக்கண்ணுவை நுவரெலியாவில் சேர்த்து, அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். எலும்புக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் சொன்ன வியாதியேதான். தாமதம்தான், ஆனால் கைமீறவில்லை, மாத்திரை கேட்கும் என்றார்கள். இதைக் கேட்டதும் கண்டி ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

வார்டில் இருந்த டொக்டர் அவளைக் கேட்டார். இந்த வீக்கம் எவ்வளவு காலமாக இருக்கிறது? போன வருஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின காலத்திலிருந்து என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

"எனக்கு முடியலைன்னா அவங்க யார அனுப்புவாங்க டொக்டர்?" என்றாள்.

அவர் சிங்களவர். தமிழில் கேட்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு இந்தப் பதில் விளங்கவில்லை. நானும் விளக்கப் போகவில்லை.

தோட்டத்தில் டொக்டர் பஸ்மிலா மறுபடியும் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். யாரையும் திட்டமாட்டேன், பொலிசும் வராது, அன்று யார் யார் தனக்குப் பதிலாக ஆள் அனுப்பினீர்கள் என்று உண்மையைச் சொன்னால் போதும் என்றார். முதலில் கேத்ரின் கையை உயர்த்தினாள். பின்னால் இன்னொரு கை. பிறகு மளமளவென்று. மேல் டிவிசன் அண்ணனுக்குக் கீழ் டிவிசன் தம்பி, மருமகளுக்கு மாமியார். முத்துலிங்கம் காலையில் தனக்கும் பின்னேரம் மச்சானுக்குமாக இரண்டு தடவை கொடுத்திருந்தார். அன்று சாயங்காலம் தலை சுற்றியது டவரால்தான் என்று ரோட்டில் அதிகமாகக் கத்தினவரும் அவர்தான்.

டொக்டர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்து முடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை மாத வேலை அது!

"அப்ப டவர் கெட்டதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றார் சோலைமலை.

"தெரியாது தலைவர். தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். நீங்க எங்க விட்டீங்க?"

"அந்தப் புள்ளைக்கு வந்தது?"

"அதுவும் தெரியாது. ஒரே ஒரு ஆள வச்சு ஆமான்னும் சொல்ல ஏலாது, இல்லைன்னும் சொல்ல ஏலாது. மொதல்ல இருந்து திரும்பச் செய்யணும். இந்தத் தடவ அடையாள அட்டையோட வாங்க."

சோலைமலை தலையைச் சொறிந்தார். டவர் இன்னும் பாறை மேல்தான் நிற்கிறது. அவர் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அம்மாக்கண்ணு திரும்பி வந்துவிட்டாள். மாத்திரை ஆரம்பத்தில் குமட்டியது, கால் நரம்பு இழுத்தது. வேலைக்குப் போக முடியவில்லை. அவளுக்காக நாங்கள் மலைக்குப் போகிறோம் என்று பெண்கள் கிளம்பினார்கள். கங்காணியும் சரி என்றார். பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவளுக்குப் பதிவு இருந்தால்தானே அவளுக்குப் பதிலாகப் போக முடியும்? ஒருத்திகூட ஒரு நாள்கூட அவளுக்காகப் போக வழியில்லை. பெரட்டு முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் கலையாமல் நின்றுகொண்டிருந்ததை நான் காம்பரா ஜன்னலிலிருந்து பார்த்தேன். இத்தனை வருஷம் எங்களுக்கெல்லாம் உழைத்தவளுக்கு நாங்கள் திருப்பிக் கொடுக்க ஒரு நாள்கூட இல்லை என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது.

இப்போது வயிறு வற்றிவிட்டது. ரொட்டியை முழுசாகத் தின்கிறாள். மாதம் ஒரு தடவை கண்டிக்குக் கிளினிக் போகவேண்டும். தனியாக அனுப்புவதில்லை என்று பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். முதல் முறை ஜீவராணி கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் கேத்ரின், அதற்கடுத்த மாதம் சுதர்ஷினி. கூடப் போகிறவளுக்கு அன்று சம்பளம் இல்லை. அவளுக்குப் பதிலாக மலைக்குப் போகக்கூடிய ஒரே ஆள், கண்டி பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாள். இதுவரை ஒருத்தியும் தன் முறையைத் தவறவிடவில்லை.